எழுகடல் தெருவில் அடித்த புயல்

செல்லூரில் அத்தை வீட்டிலிருந்து பழங்காநத்தத்தில் என் வீட்டுக்கு அந்தப் படத்தைக் கொண்டுவர ஒரு குட்டியானை பிடிக்க வேண்டியதாயிற்று. ஐந்தடி நீளம், மூன்றடி உயரம், சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு மரச்சட்டம். ஆட்டோவில் நுழையாது. பழைய ஜமுக்காளம் இரண்டைச் சுற்றி, பின்னால் நானும் ஏறி உட்கார்ந்து, விழாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். யானைக்கல் பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றபோது டிரைவர் தம்பி எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"என்னண்ணே, சாமி படமா?"

"இல்ல தம்பி, கப்பல் படம். ரெண்டு போர்க்கப்பல். புயல்ல மாட்டியிருக்கு."

அவர் கீழே வைகையைப் பார்த்தார். ஆற்றுக்குள் நாலைந்து எருமைகள் குளம்பு நனையாமல் நடந்து போய்க்கொண்டிருந்தன. அப்புறம் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டார்.

வரைந்தவர் என் தாய்மாமா. சினிமா பேனர் ஆர்ட்டிஸ்ட். எழுகடல் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் தகரக் கொட்டகை போட்டு முப்பது வருடத்துக்கு மேல் வரைந்தவர். மதுரைக்காரர்களுக்கு அந்தத் தெருப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டாள், வயதான காலத்தில் அவ்வளவு தூரம் எப்படிப் போவாள் என்று சொக்கநாதர் ஏழு கடல்களையும் மதுரைக்கே வரவழைத்தார். திருவிளையாடலில் அது ஒரு படலம். கடல் வந்து சேர்ந்த இடம் என்று புதுமண்டபத்துக்குக் கிழக்கே ஒரு தெருவே இருக்கிறது. இன்று அங்கே போனால் கடைகள்தான் அலையடிக்கும். பக்கத்துக் கடலுக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போக வேண்டிய ஊர் இது. கடலைப் பார்க்கப் போகாமல் கடலை வரச் சொன்ன ஊர் என்று மாமா பெருமையாகச் சொல்வார்.

மாமா கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. தாத்தாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போனபோது. அக்னி தீர்த்தத்தில் கடல் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். கணுக்காலில் சலசலவென்று தட்டிவிட்டு ஓய்ந்துவிடும். மாமா இடுப்பில் துண்டோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "என்னடா இது, நம்ம தெப்பக்குளம் மாதிரி இருக்கு" என்றாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மனிதர்தான் 1984-ல் இந்தப் புயலை வரைந்தார்.

படத்தைச் சொல்லிவிடுகிறேன். காற்று இடதுபுறமிருந்து வருகிறது. நடுவில், கொஞ்சம் வலது தள்ளி, மூன்று பாய்மரமுள்ள பெரிய போர்க்கப்பல் ஒன்று வலப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. முன்மரம் பாதியில் முறிந்து, பாயும் கயிறும் சிக்கலாகத் தண்ணீரில் தொங்குகின்றன. பின்னால் மழைத்திரைக்குள் இன்னொரு கப்பல், வெறும் நிழலாக. வலது ஓரத்தில் கறுப்புப் பாறைகள். வானம் முழுக்கக் கருமை, இடது மேல் மூலையில் மட்டும் மேகம் கிழிந்து மஞ்சளாக ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சம் விழுகிற இடத்தில்தான் முன்னணியின் பெரிய அலை எழும்பி நிற்கிறது. அதன் முதுகு கண்ணாடிப் பச்சை, உச்சியில் நுரை பிய்ந்து பறக்கிறது. சின்ன வயதில் அந்த அலைக்கு நேர் எதிரே நான் உட்காரவே மாட்டேன்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு லாட்ஜின் முதலாளி, வரவேற்பறையில் மாட்டுவதற்காகக் கேட்டு வரையச் சொன்ன படம் அது. "வர்றவன் அசந்து போகணும்" என்பதுதான் அவர் சொன்ன ஒரே விவரம். மாமா பழைய பேப்பர் கடையில் தேடி, ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழிந்த ஒரு வண்ணத் தாளைப் பிடித்து வந்தார். படத்தின் பெயர், வரைந்தவர் பெயர் இருந்த கீழ்ப்பகுதி போயிருந்தது. அதில் பென்சிலால் கட்டம் போட்டார். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, வஜ்ஜிரப் பசையும் வெள்ளையும் கலந்து பூசிக் காயவைத்து, அதிலும் அதே எண்ணிக்கையில் கட்டம். இதுதான் பேனர் தொழிலின் முழு ரகசியம். கைக்குட்டை அளவு ஸ்டில்லை வைத்துக்கொண்டு முப்பதடி முகத்தை வரைகிறவர்களுக்கு, ஒரு கட்டத்துக்குள் இருப்பது மீசையா அலையா என்பது பெரிய வித்தியாசமில்லை.

தங்கம் தியேட்டருக்கும் சென்ட்ரலுக்கும் பேனர் கட்டியவர் அவர். தங்கம் 1952-ல் திறந்தது. 2500 பேருக்கு மேல் உட்காரலாம், ஆசியாவிலேயே பெரிசு என்று சொல்லாமல் எந்த மதுரைக்காரனும் அந்தப் பெயரை முடிக்கமாட்டான். இப்போது இடித்துவிட்டு ஜவுளிக்கடை. தியேட்டர் போனதைவிட மாமாவை அடித்துப் போட்டது ஃபிளக்ஸ். ஒரு ராத்திரியில் நாற்பது அச்சாகி வந்துவிடும் என்றால் பதினைந்து நாள் எடுத்து வரைகிறவனிடம் யார் வருவார்கள்? அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே வேண்டாம்.

எண்ணெய் வர்ணம் பற்றி மாமாவிடம் கற்ற ஒரே பாடம் அந்த லாட்ஜ் முதலாளியின் வேட்டியால் கிடைத்தது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வர்ணம், துணி காய்கிற மாதிரி ஈரம் போய்க் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். மெல்லிய பூச்சு சில நாளில் கைக்கு ஒட்டாமல் வரும், கட்டியாக அப்பிய இடம் மாதக்கணக்கில் உள்ளே பச்சையாகவே இருக்கும். மாமா அந்தப் பெரிய அலையைக் கத்தியால் அப்பியிருந்தார். "ஒரு மாசம் போகட்டும் மொதலாளி" என்று சொல்லியும் கேட்காமல் பத்தாம் நாள் படத்தைத் தூக்கிப் போக வந்தவர், சட்டத்தைத் தாங்கிப் பிடிக்கிறேன் என்று வெள்ளை வேட்டியோடு அலைமேல் சாய்ந்துவிட்டார். பிரஷ்யன் புளூ. வெளுக்க வெளுக்க அந்த வேட்டி முழுவதும் வானநீலமாகப் பரவியதே தவிர, கறை போகவில்லை. பேசிய 800 ரூபாயில் முன்பணம் 400 வந்திருந்தது. மீதி 400 வராமல் போனதற்கு அந்த வேட்டிதான் காரணம் என்பது குடும்ப வரலாறு.

சரி, படத்திலுள்ள கொடிக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அந்தக் கொடியால்தான்.

போன தீபாவளிக்கு மறுநாள் கல்லூரி நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். தூத்துக்குடிக்காரன். அப்பா மீன்பிடித் தொழில், இவன் சரக்குக் கப்பலில் என்ஜினியர். சோபாவில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே படத்தை ஒரு நிமிடம் பார்த்தான்.

"ஏல, யாரு வரைஞ்சா இத?"

"எங்க மாமா."

"அலை நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா கொடி தப்பு."

அதுவரை நாற்பது வருடமாக எங்கள் வீட்டில் ஒருவர் கண்ணிலும் படாத விஷயம். நடுமரத்தின் உச்சியில் சிவப்புக் கொடி ஒன்று படபடக்கிறது, இடப்பக்கமாக. ஆனால் பாய்கள் எல்லாம் வலப்பக்கமாகப் புடைத்திருக்கின்றன. காற்று இடமிருந்து வந்தால்தான் பாய் அப்படிப் புடைக்கும். அதே காற்று கொடியை மட்டும் எதிர்ப்பக்கம் தள்ளுமா? நாம் காரிலும் பைக்கிலும் கொடி கட்டிப் பழகியவர்கள். வண்டி முன்னால் போனால் கொடி பின்னால் பறக்கும். பாய்க்கப்பலில் கணக்கு வேறு. அதைத் தள்ளுவதே காற்றுதான், பின்காற்றில் ஓடும் கப்பல் அந்தக் காற்றை முந்திப் போக முடியாது. அதனால் பாய் எந்தப் பக்கம் உப்புகிறதோ கொடியும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் பறக்க வேண்டும்.

நண்பன் அதோடு விடவில்லை. எழுந்து பக்கத்தில் போய் நின்றான். "இங்க பாரு, முன்னால அணியத்துலேர்ந்து பின்னால அமரம் வரைக்கும் பீரங்கிக் கதவு எல்லாத்தையும் தொறந்து வச்சிருக்காரு உங்க மாமா. கீழ் வரிசைகூடத் தொறந்திருக்கு. இந்தக் கடல்ல இப்படித் தொறந்து போட்டா அஞ்சு நிமிசம் தாங்காது."

அவன் சொன்னதை ராத்திரி உட்கார்ந்து சரிபார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. 1545-ல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் போர்க்கப்பல் திரும்பும்போது சாய்ந்தது, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்தது. ஸ்வீடன்காரர்களின் வாசா அதைவிட மோசம். 1628-ல் ஸ்டாக்ஹோமில் முதல் பயணம், ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறது, சுமார் 1300 மீட்டர் போனதும் ஒரு காற்று வீசிச் சாய்த்தது, கீழ்வரிசைத் துளைகளில் தண்ணீர் ஏறி மூழ்கியே போயிற்று. அதற்குப் புயல்கூடத் தேவைப்படவில்லை. 1961-ல் மேலே எடுத்து இப்போது அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். புயல் வருகிறதென்றால் முதல் வேலை அந்தக் கதவுகளை இறுக்கி அடைப்பது. அடுத்து பீரங்கிகளைக் கட்டுவது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று டன், கட்டவிழ்ந்து உருண்டால் சொந்தக் கப்பலின் பக்கவாட்டையே உடைத்துக்கொண்டு போகும். மேல்பாய்களை எல்லாம் சுருட்டிவிட்டு, சுக்கானுக்குப் பிடிமானம் வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் பாய் மட்டும் வைப்பார்கள். அதுவும் இல்லாவிட்டால் கப்பல் அலைக்குக் குறுக்கே விழுந்துவிடும். மாமாவின் கப்பலில் பாதிப் பாய்கள் முழுதாக விரிந்திருக்கின்றன.

பீரங்கிக்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஹீரோ படுத்த படுக்கையாகக் கிடக்கிற படத்துக்கும் பேனரில் கையில் துப்பாக்கி கொடுத்து நிறுத்துகிறவர் அவர். போர்க்கப்பல் என்றால் பீரங்கி தெரிய வேண்டும், அவ்வளவுதான். கொடிதான் உறுத்தியது. கட்டம் போட்டு நகலெடுக்கிறவருக்கு எப்படி இடம் வலமாக மாறும்?

அந்த உறுத்தலில் நாலைந்து மாதம் இந்தக் கடல் ஓவியர்கள் பின்னாலேயே திரிந்தேன். தாளின் கீழ்ப்பகுதி கிழிந்து போனதால் மூலப்படம் எதுவென்று கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் பார்த்தவுடனே தெரியும், 17-ம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் பாணி. அவர்களுக்குக் கடல்தான் வயல், கடல்தான் போர்க்களம். படம் வாங்குகிறவர் கப்பல் முதலாளியாகவோ கடற்படைத் தளபதியாகவோ இருப்பார், ஒரு கயிறு மாறிக் கட்டியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். வில்லெம் வான் டெ வெல்டெ என்று அப்பா ஒருவர், அதே பெயரில் மகன் ஒருவர். 1666-ல் இங்கிலாந்துக்கும் டச்சுக்காரர்களுக்கும் நாலு நாள் தொடர்ந்து கடற்போர் நடந்தபோது அப்பாக்காரர் ஒரு சின்னப் படகில் போய், இரண்டு தரப்பும் குண்டு போட்டுக்கொண்டிருக்க, தாளை விரித்துக் கோட்டோவியம் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஹாலந்தில் நிலைமை கெட்டதும் இரண்டு பேரும் இங்கிலாந்துக்கே போய், யாரோடு சண்டை நடந்ததோ அந்த மன்னர் இரண்டாம் சார்லஸிடமே வேலைக்குச் சேர்ந்தார்கள். 1674-ல் ஆளுக்கு வருடம் 100 பவுண்டு சம்பளம்: கடற்போரைக் கோடாக வரைவதற்கு அப்பாவுக்கு, அதை வர்ணத்தில் ஏற்றுவதற்கு மகனுக்கு. படித்தபோது எனக்கு எழுகடல் தெருக் கொட்டகைதான் ஞாபகம் வந்தது. அவுட்லைன் போடுகிற மேஸ்திரி, ஃபில்லிங் பண்ணுகிற பையன்.

அவர்கள் போன பிறகு ஆம்ஸ்டர்டாமில் கொடி கட்டிப் பறந்தவர் லுடால்ஃப் பாக்ஹுய்சன். கணக்குப்பிள்ளை வேலையும் அழகான கையெழுத்துமாகத் தொடங்கியவர். புயல்தான் இவருடைய சரக்கு. வானம் கறுத்தால் மற்றவர்கள் கரைக்கு ஓடுவார்கள், இவர் படகு பிடித்து உள்ளே போவார், அலை எப்படி எழும்பி எப்படி உடைகிறது என்று பார்த்துவிட்டு வந்து ஞாபகம் மறைவதற்குள் வரைவார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சுமார் 1695-ல் அவர் வரைந்த, கடும்புயலில் போர்க்கப்பல்கள் சிக்கிய பெரிய படம் ஒன்று ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. ரஷ்யாவின் மகா பீட்டர் இவரிடம் வந்து வரையப் பழகினார் என்பார்கள்.

இவர் பிறந்த ஊரைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். 1630-ல் பிறந்தார், ஊர், எம்டன்.

நம் எம்டன்தான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு பொழிந்துவிட்டு இருட்டில் மறைந்த ஜெர்மன் போர்க்கப்பலுக்கு அந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அந்தக் கப்பலை நவம்பர் 9-ம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று அடித்து முடித்துவிட்டது. ஆனால் பெயர் மட்டும் தமிழ்நாட்டில் கரையேறி, உள்ளூர்ச் சொல்லாகி, கடலே இல்லாத மதுரை வரைக்கும் வந்துவிட்டது. எமகாதகனுக்கு எம்டன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுத் தியேட்டர் வாசலில் பேனர் கட்டுவதை வேடிக்கை பார்க்கப் போன மாமாவுக்கு அம்மாச்சி வைத்த பெயர் அது. "எங்கடி போச்சு அந்த எம்டன்?" கடைசி வரை வீட்டில் அவர் எம்டன்தான். புயலில் போர்க்கப்பலை வரைந்து பெயரெடுத்த எம்டன்காரர் ஒருவர் முந்நூறு வருடத்துக்கு முன்னால் இருந்தார் என்று அவரிடம் சொல்லியிருந்தால் எப்படி ரசித்திருப்பார். சொல்ல ஏழு வருடம் தாமதமாகிவிட்டது.

இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. இந்த டச்சுப் புயல் படங்களில் அடிக்கடி ஓரத்தில் செங்குத்தான பாறைகள் வரும். டச்சுக் கடற்கரையோ மணல், மணல்மேடு, அதைவிட்டால் மணல். பாறை கிடையாது. பாக்ஹுய்சனின் ஆசிரியர்களில் ஒருவரான அல்லார்ட் வான் எவர்டிங்கன் 1644-ல் நார்வே, ஸ்வீடன் பக்கம் போய்ப் பாறைகளை வரைந்துகொண்டு வந்தவர். ஒருவர் பார்த்த பாறை ஊரிலுள்ள எல்லாருடைய படத்திலும் போய் உட்கார்ந்துகொண்டது. பாறை அங்கே சும்மா அழகுக்கு இல்லை. நடுக்கடலில் புயலைத் தாங்கிவிடலாம். காற்று தள்ளுகிற பக்கத்தில் கரையிருந்தால்தான் மாலுமிக்கு உயிர்ப்பயம். அந்தப் பயத்தைக் காட்டப் பாறை வேண்டும். இல்லாத பாறையை அவர்கள் வைக்கலாம், ஆனால் எங்கள் மாமா கொடியை மாற்றக் கூடாதா என்று ஒரு வக்கீல் வாதம் எனக்குள் எழுந்தது. நண்பனிடம் போனில் சொன்னேன். "பாறை எங்கியாச்சும் இருக்கும்ல. காத்துக்கு எதிராப் பறக்குற கொடி எங்கியுமே இருக்காது" என்று ஒரே வரியில் கேஸைத் தள்ளுபடி செய்துவிட்டான்.

நிறத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. டச்சுப் படங்களில் கடல் சாம்பலாக, சேற்றுப் பச்சையாக, பழுப்பாக இருக்கும். வடகடல் அப்படித்தான். அதோடு அந்தக் காலத்தில் நல்ல நீலம் ஆப்கானிஸ்தானத்துக் கல்லை அரைத்து எடுப்பது, அதைக் கொண்டு கடலை நிரப்பினால் கப்பல் விலை ஆகும். மாமா வேட்டியில் அப்பிய பிரஷ்யன் புளூவை பெர்லினில் கண்டுபிடித்ததே 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். மலிவான ஆழ்ந்த நீலம் அதன் பிறகே எல்லார் கைக்கும் வந்தது. ஆக மாமா, மூலத்தில் சாம்பலாக இருந்திருக்கக் கூடிய கடலை நீலமாக்கியிருக்கிறார். மதுரைக்காரனுக்குக் கடல் நீலமாகத்தான் இருந்தாக வேண்டும்.

ஆனால் அந்த நீலத்தையும் நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. லாட்ஜில் இருபது வருடத்துக்கு மேல் தொங்கியது. வரவேற்பறைச் சாமி படத்துக்குக் கீழே தினமும் சாம்பிராணி, ஊதுவத்தி. போதாததற்கு தங்க வந்தவர்களின் பீடி, சிகரெட். வார்னிஷ் வேறு காலப்போக்கில் மஞ்சளித்து, நீலமெல்லாம் பாசிப் பச்சையாகியிருந்தது. கடைசியில் லாட்ஜைப் புதுப்பித்து வரவேற்பறையில் பளபளப்பு அட்டை ஒட்டியபோது, "உங்க படத்த எடுத்துக்கிறீங்களா, இல்ல பழைய சாமான்காரன்கிட்ட போட்டுரவா" என்று ஆள் அனுப்பினார்களாம். மாமா சைக்கிள் ரிக்ஷா பிடித்துப் போய் எடுத்து வந்தார். "அந்த நானூறுக்கு இது சரியாப் போச்சு" என்றார்.

இந்தச் சித்திரைத் திருவிழா லீவில் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். உருளைக்கிழங்கை வெட்டித் தேய், வெங்காயத்தைத் தேய் என்று இணையத்தில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்துவிடாதீர்கள். மாவும் ஈரமும் வெடிப்புக்குள் போய் உட்கார்ந்து பூஞ்சை பிடிக்கும். அருங்காட்சியகங்களில் ஓவியம் பராமரிப்பவர்கள் மேல் அழுக்கை எடுக்க இன்றைக்கும் பயன்படுத்துகிற ஒரு பொருள் இருக்கிறது. மனித எச்சில். சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நொதிகள் அதில் இருப்பதால் தண்ணீருக்குப் போகாத பிசுக்கு அதற்குப் போகிறது. பஞ்சை ஒரு குச்சியில் சுற்றி, நாக்கில் தொட்டு, ஒரு மூலையில் மட்டும் முதலில் உருட்டிப் பார்த்து, வர்ணம் எதுவும் பஞ்சில் ஏறவில்லை என்று தெரிந்துகொண்டு, விரல் அகலம் விரல் அகலமாக நகர வேண்டும். ஒரு தடவை அழுக்கான பஞ்சைத் திரும்ப வாயில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தை அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி பண்ற? எச்சியத் தொட்டா மாமா படத்தத் தொடைக்கிற?"

நொதியை எல்லாம் அத்தையிடம் எப்படி விளக்குவது? மியூசியத்தில் இப்படித்தான் செய்வார்கள் என்றேன். "எந்த ஊரு மியூசியத்துல?" என்றார். நம் ஊரில் எச்சில் கையால் காக்காகூட விரட்ட மாட்டோம், இது வேறு கணக்கு. ஆனாலும் ஓரத்தில் ஒரு சாண் அளவுக்குக் கருமை நீங்கி வானத்தில் மேகத்தின் மடிப்பு தெரிய ஆரம்பித்ததும் அத்தை பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பதினோரு நாள் ஆயிற்று. மஞ்சளித்த வார்னிஷில் நான் கைவைக்கவில்லை. அதற்கு எச்சில் போதாது, ரசாயனம் வேண்டும், தெரியாமல் செய்தால் வார்னிஷோடு அலையும் வந்துவிடும்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, சாயங்காலம் கரண்ட் போயிற்று. கைபேசி டார்ச்சைப் போட்டு, பஞ்சுக் குச்சியைத் தேட அதைச் சட்டத்தின் ஓரமாகப் படுக்கையாக வைத்தேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் முழுக்க மேடும் பள்ளமுமாக எழுந்து நின்றது. அலையின் முதுகில் கத்தி போன தடம், வானத்தில் தூரிகை சுழன்ற தடம் எல்லாம் தனித்தனியாக. அப்போதுதான் பார்த்தேன். நடுமரத்தின் உச்சிக்கு வலப்பக்கம், வெறும் கருவானமாக இருக்கிற இடத்தில், ஒரு மேடு. நீளமாக, ரெண்டு மடிப்போடு, நுனி கிழிந்த மாதிரி. அழிக்காமல் அதன் மேலேயே மேகத்தைப் பூசியிருந்தார். கட்டியாக அப்பியதால் அடியில் இருந்தது மேலே வடிவம் காட்டிக் கொடுத்துவிட்டது.

கொடி. சரியான பக்கத்தில்.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். டார்ச்சை மேலே கீழே அசைத்தால் கொடி தோன்றித் தோன்றி மறைந்தது. அத்தை ஆச்சரியப்படவே இல்லை.

"ஆமா, மொதல்ல அந்தப் பக்கந்தான் இருந்துச்சு. அந்த லாட்ஜுக்காரருதான் வந்து பாத்துட்டு, வாசல் இந்தப் பக்கம் இருக்கு, கொடி வாசலப் பாத்துப் பறக்கணும், உள்ள சொவத்தப் பாத்துப் பறந்தா வர்ற லச்சுமி உள்ள போயி முட்டிக்கிட்டு நிக்கும்னாரு. ஒங்க மாமா ரெண்டு நாளு சாப்புடல. காத்து இந்தப் பக்கமிருந்து வருது, கொடி எப்பிடிய்யா அதே பக்கம் பறக்கும்னு ராத்திரியெல்லாம் பொலம்புனாரு. அப்பறம் மாத்தி வரைஞ்சு குடுத்தாரு. அதான் வேட்டியில பட்டப்போ ஒரு வார்த்தகூட மன்னிப்புக் கேக்கல."

நாற்பது வருடமாக இது அத்தைக்குத் தெரியும். நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சரி, கொடி புரிந்தது. காற்று தெரிந்தவர்தான். பாய் எந்தப் பக்கம், கொடி எந்தப் பக்கம் என்பதை மூலத்தாளிலிருந்து எடுத்திருக்கலாம். அலையை எங்கிருந்து எடுத்தார்? கப்பலில் வேலை பார்க்கிறவனே ரொம்ப நல்லா இருக்கு என்றானே. தாளில் அது ஒரு சாண் அளவுதான் இருந்திருக்கும். கட்டம் போட்டுப் பெரிதாக்கினால் வடிவம் வரும், பாரம் வராது.

ஐவசோவ்ஸ்கி என்று 19-ம் நூற்றாண்டு ரஷ்ய ஓவியர் ஒருவர். கருங்கடல் ஓரம் ஃபியோடோசியாவில் பிறந்தவர், ரஷ்யக் கடற்படையின் ஓவியர், ஆயிரக்கணக்கில் கடல் படங்கள் வரைந்தவர். 1850-ல் வரைந்த 'ஒன்பதாம் அலை' பார்த்திருப்பீர்கள். ஓடும் அலையை எதிரில் வைத்துக்கொண்டு வரைய முடியாது, அறைக்குள் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்துதான் வரைய வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்படியானால் மாமாவிடம் ஏதோ ஒரு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். அக்னி தீர்த்தம் இல்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வைகையில் தண்ணீர் வந்தால் மாமா வேலையைப் போட்டுவிட்டு யானைக்கல்லுக்கு வந்துவிடுவார். என்னையும் சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்துக் கூட்டி வருவார். தரைப்பாலத்தைச் செம்மண் நிறத்தில் தண்ணீர் முட்டி மோதும். பாலத்துத் தூணில் அடித்து எழும்பி, தன்மேலேயே சுருண்டு விழும். ஊரே திருவிழா மாதிரி நின்று பார்க்கும். "தண்ணி எப்படி முறுக்குது பாரு மாப்ள. மேல வர்றப்போ பளபளன்னு இருக்கு, கவிழ்றப்போ கறுப்பாயிருது பாரு." அந்தத் தண்ணீருக்குத்தான் பிரஷ்யன் புளூ பூசிக் கடல் என்று பெயர் வைத்தார் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது.

இதில் முன்னோடி இல்லாமலும் இல்லை. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரையின் பகல் சந்தையான நாளங்காடியைச் சொல்லிக்கொண்டு வருவார். மலையில் அருவி அசைவதுபோல் வகைவகையான கொடிகள் அசைகின்றன என்பார். உடனே அடுத்த அடியில், காரணமே சொல்லாமல், நடுக்கடலுக்குப் போய்விடுவார். கடுங்காற்று மோதிப் பருத்த கயிறுகளை அறுக்கிறது, பாயைக் கிழிக்கிறது, பாய்மரம் அடியோடு முறிகிறது, நாவாய் சுழியில் அகப்பட்டுச் சுற்றுகிறது. என்ன ஆயிற்று இவருக்கு என்று நினைக்கும்போது தெரியும், அவர் சொல்வது யானையை. மதம் பிடித்து, பாகரைக் கொன்று, சங்கிலியை அறுத்து, கட்டிய தூணைச் சாய்த்துவிட்டு மதுரைத் தெருவில் வருகிற யானை. அது எப்படி இருந்தது தெரியுமா, புயலில் அறுத்துக்கொண்ட கப்பல் மாதிரி இருந்தது என்கிறார், கடைத்தெருவில் நிற்கும் மக்களைப் பார்த்து. அவர் யானையைப் பார்த்துக் கப்பலைச் சொன்னார். மாமா எதைப் பார்த்துக் கப்பலைச் சொன்னாரோ.

நண்பனுக்கு டார்ச் வெளிச்சத்தில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மேலே இருக்கிற கொடியைச் சுரண்டினால் அடியில் இருப்பதை வெளியே கொண்டுவர முடியுமா என்றும் கேட்டேன். "எடுக்காதல" என்று மட்டும் பதில் வந்தது. அரை மணி நேரம் கழித்து இன்னொன்று: "பீரங்கிக் கதவு கதை என்னன்னு உங்க அத்தைட்ட கேளு."

கேட்டேன். அதெல்லாம் அவராப் போட்டது என்றார் அத்தை.

வீட்டில் அந்தப் படம் மாட்டக்கூடிய சுவர் ஒன்றுதான். மாட்டி முடித்ததும் அத்தை தூர நின்று, தலையைச் சாய்த்து, ஆணி நேராக இருக்கிறதா என்று பார்த்தார். என் வீட்டில் வாசல் வலப்பக்கம். இடப்பக்கம் சமையலறை.

"கொடி இப்ப அடுப்படியப் பாத்துல்ல பறக்குது" என்றார்.

"மாத்திரவா அத்தை?"

"இருக்கட்டும், இருக்கட்டும். அங்கதான மொதல்ல வந்து எட்டிப் பாப்பாரு" என்று சொல்லிவிட்டு, காபி போடப் போனார்.